கூதிர்காலமும் கல்லூரி ஆய்வுக்கூடமும்

மூன்றாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்

‘இலையுதிர் காலம்’ என்னும் சொல்லை நாம் அனைவரும் பள்ளிப் பாடநூலில் படித்திருக்கிறோம். மஞ்சளும் செம்மையுமாய் நிறம் மாறிய இலைகள் சாலையெங்கும் உதிர்ந்து கிடக்கும் வண்ணப் படங்களையும் கண்டு மகிழ்ந்திருக்கிறோம். ஆனால், பொன்னேரியிலும் கும்மிடிப்பூண்டியிலும் திருவள்ளூரிலும் பிறந்து வளர்ந்த நமக்கு அப்படியொரு காலம் என்றேனும் வந்ததுண்டா? இல்லை. மேலை நாடுகளில் இலை உதிரும் அதே அக்டோபர், நவம்பர் மாதங்களில் நம் மண்ணில் மழை உதிர்கிறது. ஏரி நிரம்புகிறது. உதிர்ந்த புல்லும் உயிர்பெற்று எழுகிறது.

நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தனர். ஆண்டினை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்த தொல்காப்பியம் தொடங்கி, ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம் என்றே தமிழர் வழங்கி வந்தனர். எனவே மகளிர் கல்லூரியில் அறிவியல் பயிலும் ஒரு மாணவியின் இலையுதிர் காலத்தைப் பற்றி எழுத வேண்டுமாயின், நான் கூதிர்காலத்தைப் பற்றித்தான் எழுத வேண்டும். அக்காலத்தின் அழகைப் பாட இவ்விதழில் கவிதை எழுதும் தோழியர் பலர் இருக்கின்றனர். நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான்: ஆண்டுதோறும் இந்த மூன்று மாதங்களில் நம் மாணவியர் பலரிடமிருந்து ஆய்வுக்கூடம் பறிபோகிறது. அதைப் பறிப்பது மழையன்று. மழையைக் கணக்கில் கொள்ளாத நம் கால அட்டவணையே!

நம் பருவமும் நம் பாடமும்

தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையின் பெரும்பகுதியை மேற்குத் தொடர்ச்சி மலையின் மறுபக்கம் பெற்றுக்கொள்கிறது. மலையின் மறைவில் இருக்கும் நமக்கு மிஞ்சுவது குறைவு. அக்டோபரில் காற்றின் திசை மாறுகிறது. வடகிழக்கிலிருந்து வீசும் காற்று வங்கக் கடலின் ஈரத்தை முகந்துகொண்டு நம் கரைக்கு வருகிறது. சென்னைப் பகுதியில் ஓர் ஆண்டில் பெய்யும் ஏறக்குறைய 140 சென்டிமீட்டர் மழையில் சுமார் 60 விழுக்காடு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களிலேயே பெய்துவிடுகிறது. பூண்டி, சோழவரம், செங்குன்றம் ஏரிகள் நிறைவதும் இம்மழையால்தான். நாம் ஆண்டு முழுதும் குடிக்கும் நீர் இந்த மூன்று மாதங்களின் கொடை என்று கூறினால் அது மிகையாகாது.

ஆனால் இதே மூன்று மாதங்களில்தான் நம் கல்லூரிகளில் ஒற்றைப்படைப் பருவம் முடிவுக்கு வருகிறது. செய்முறைத் தேர்வும், ஆய்வுக் குறிப்பேட்டில் கையொப்பம் பெறுவதும், எழுத்துத் தேர்வும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. ஜூன், ஜூலை மாதங்களில் மெல்ல நடந்த ஆய்வுக்கூடம், மழை தொடங்கியதும் ஓட ஆரம்பிக்கிறது. ஓடவேண்டிய நேரத்தில் வானம் திறந்துகொள்கிறது. மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவிக்கிறார். அது மாணவியரின் பாதுகாப்புக்காகச் செய்யப்படுவது. அதைக் குறைகூற யாருக்கும் மனம் வராது. எனினும் ஓர் உண்மையை எண்ணிப் பார்க்க வேண்டும். விடுமுறையில் இழந்த வரலாற்றுப் பாடத்தை ஒரு மாணவி வீட்டில் அமர்ந்து படித்துக்கொள்ள முடியும். இழந்த தரம்பார்த்தலை எந்த வீட்டில் அமர்ந்து செய்வாள்? ப்யூரெட்டும் பிப்பெட்டும் எவர் வீட்டுச் சமையலறையில் இருக்கின்றன?

ஈரக்காற்றில் ஓர் ஆய்வுக்கூடம்

கூதிர்கால ஆய்வுக்கூடத்தைக் கண்டிராதவர்களுக்காகச் சிறிது சொல்கிறேன். அந்நாள்களில் சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளை எடைபோடுவது பெரும்பாடு. தராசில் வைத்த சிறிது நேரத்துக்குள் அவை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பளபளக்கத் தொடங்கும். பிறகு கண்ணெதிரே கசியும். எண்ணை எழுதிமுடிப்பதற்குள் எண் மாறிவிடும்! சோடியம் ஹைட்ராக்சைடு ஏன் முதன்மைத் தரப்பொருள் ஆகாது, ஆக்சாலிக் அமிலம் ஏன் ஆகும் என்ற வினாவுக்குப் புத்தகத்தில் விடை இருக்கிறது. ஆனால் கார்த்திகை மாதத்தில் அந்த வில்லை கசிவதைக் கண்ணால் கண்ட மாணவிக்கு அந்த விடையை மனப்பாடம் செய்யவேண்டிய தேவையே இல்லை.

தாவரவியல் தோழியருக்கோ இது திருவிழாக்காலம். கோடை முழுதும் காய்ந்து கிடந்த மதிற்சுவரில் பாசியும் மாஸும் படர்கின்றன. ஈரத் தரையில் ரிக்சியா வட்டம் வட்டமாகப் படிகிறது. நாஸ்டாக் என்னும் நீலப்பச்சைப் பாசி கூழ் உருண்டைகளாய்த் திரள்கிறது. விலங்கியல் தோழியர் தவளையின் முட்டைத் திரளைத் தேடி நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. விளையாட்டுத் திடலில் தேங்கிய நீரே போதும். அறிவியல் மாணவிக்கு ஆண்டிலேயே மிகச் சிறந்த காலம் கூதிர்காலம்தான் என்பதில் ஐயமில்லை. அந்தக் காலத்தில் அவளை ஆய்வுக்கூடத்தில் இருக்கவிடாமல் செய்வது எத்தகைய முரண்பாடு!

மாலை 5 மணி 40 நிமிடம்

ஜூன் மாத இறுதியில் சென்னையில் சூரியன் மறைவது மாலை ஆறரை மணிக்கும் மேல். நவம்பர் நடுவில் 5 மணி 40 நிமிட அளவிலேயே மறைந்துவிடுகிறது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் பகல் சுருங்குகிறது. மழை மேகம் சூழ்ந்த நாளில் ஐந்து மணிக்கே விளக்கேற்ற வேண்டியிருக்கிறது. ஆனால் ஆய்வுக்கூட நேரம் சுருங்குவதில்லை. அது பெரும்பாலும் பிற்பகலில்தான் வைக்கப்படுகிறது. இரண்டு சுழற்சிகளாக இயங்கும் அரசுக் கல்லூரிகளிலோ, இரண்டாம் சுழற்சி மாணவியர் வகுப்பை விட்டு வெளியே வரும்போது இருட்டிவிடுகிறது.

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னை ஏறக்குறைய 48 கிலோமீட்டர். கவரைப்பேட்டை, பொன்னேரி, அனுப்பம்பட்டு, மீஞ்சூர் என ஒவ்வோர் நிலையத்திலும் மாணவியர் மின்சார ரயில் ஏறுகின்றனர். மேற்கே திருவள்ளூர் வழித்தடத்திலும் இதே காட்சிதான். வடக்குப் பாதையில் விரைவு வண்டிகளுக்கும் சரக்கு வண்டிகளுக்கும் வழிவிட்டு நம் ரயில் காத்து நிற்பது அன்றாட நிகழ்ச்சி. பெருமழை பெய்துவிட்டாலோ கேட்கவே வேண்டாம். 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயல் மழையின்போது பேசின் பாலம் அருகே இருப்புப்பாதைப் பாலத்தில் வெள்ளம் உயர்ந்ததால் சென்ட்ரலிலிருந்து புறப்படவேண்டிய வண்டிகள் நிறுத்தப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். புயல் என்றாவது வருவது. ஆனால் நிலையத்தில் இறங்கியபின் ஷேர் ஆட்டோ கிடைக்காமல், விளக்கில்லாத கிராமச் சாலையில் முழங்கால் சேற்றில் நடப்பது என்றாவது வருவதன்று; அது ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் ஒவ்வொரு செய்முறை வகுப்பு நாளின் கதை.

என்னோடு ரயிலில் வரும் தோழி ஒருத்தியின் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அவள் தங்கை பிளஸ் டூ தேர்வில் இயற்பியலிலும் வேதியியலிலும் சிறந்த மதிப்பெண் பெற்றவள். இயற்பியல் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. தந்தையோ தொழிற்பேட்டையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். இரவு நேரச் சாலையை நன்கு அறிந்தவர். மூத்தவள் மழைநாளில் எட்டு மணிக்கும் எட்டரை மணிக்கும் வந்து சேர்வதை இரண்டு ஆண்டுகள் வாசலில் நின்று பார்த்தவர். அவர் இளையவளிடம் சொன்னது இதுதான்: “படிக்க வேணாம்னு நான் சொல்லலம்மா. இருட்டுறதுக்கு முன்னாடி வீட்டுக்கு வர்ற படிப்பா எடுத்துக்கோன்னுதான் சொல்றேன்.”

தங்கை இப்போது வேறு ஒரு பாடம் படிக்கிறாள். அது தாழ்ந்த பாடம் என்று நான் சொல்லவில்லை. எந்தப் படிப்பும் தாழ்ந்ததன்று. ஆனால் அவள் அதை விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. சூரியன் மறையும் நேரம் அவளுக்காகத் தேர்ந்தெடுத்தது! அந்தத் தந்தையைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற என்னால் முடியாது. மகளைப் படிக்கவைக்க விரும்பும் தந்தை அவர். அவருக்கு நம்மிடமிருந்து வேண்டியது அறிவுரையன்று, மகள் ஆறு மணிக்குள் வீடு சேரும் ஒரு கால அட்டவணை.

ஏன் இது பெரிய செய்தி?

ஒரு மாணவி அறிவியல் படிக்காவிட்டால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று கேட்கலாம். நம் வட்டாரத்தைச் சற்றுச் சுற்றிப் பாருங்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது. அத்திப்பட்டில் அனல் மின்நிலையம் இருக்கிறது. எண்ணூர், மணலிப் பகுதியில் எண்ணெய், உரம், வேதிப்பொருள் ஆலைகள் இருக்கின்றன. இங்குள்ள ஆலைகள் பலவற்றில் மூலப்பொருளையும் விளைபொருளையும் சோதித்துப் பார்க்கும் ஆய்வகம் உண்டு. அந்த ஆய்வக மேசைக்கும், பொருளைப் பெட்டியில் அடைக்கும் மேசைக்கும் இடையே உள்ள தொலைவு சில அடிகள்தான். ஆனால் ஊதியத்திலும் மதிப்பிலும் அது எவ்வளவு பெரிய தொலைவு! அத்தொலைவைக் கடக்கவைப்பது பட்டத்தாள் மட்டுமன்று, கைப்பழக்கம். கண்ணாடிக் குழாயைக் கையில் பிடித்துப் பழகாத பட்டதாரி, நேர்காணலில் தலைகுனிந்து நிற்கிறாள்.

இன்னொன்றும் உண்டு. இவ்வட்டாரத்தின் காற்றையும் நீரையும் சோதித்து அறியவேண்டியவர்கள் யார்? 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. மீனவர் வலைகளும் படகுகளும் கறுத்தன. அந்நீரில் என்ன கலந்திருக்கிறது, எவ்வளவு கலந்திருக்கிறது என்று கேட்டறியும் உரிமை முதலில் அக்கரையில் வாழ்வோர்க்கு உரியது. அவர்கள் வீட்டுப் பெண்ணே அதை அளந்து சொல்லக்கூடிய நாள் வரவேண்டாமா?

வழிகாட்டிய இருவர்

பெண்ணுக்கு ஆய்வுக்கூடம் ஏற்றதன்று என்று நினைப்போர்க்கு நம் சென்னை நகரமே விடை சொல்லியிருக்கிறது. கடற்கரையில் இன்றும் நிற்கும் இராணி மேரிக் கல்லூரி 1914-இல் தொடங்கப்பட்டது. தலச்சேரியில் 1897-இல் பிறந்த ஜானகி அம்மாள் அங்கே படித்தார். பின் மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்றார். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1931-இல் அவருக்கு அறிவியல் முனைவர் பட்டம் அளித்தது. கோயம்புத்தூரில் கரும்பு ஆராய்ச்சியில் ஈடுபட்டார். சி. டி. டார்லிங்டனுடன் இணைந்து, பயிர்த் தாவரங்களின் குரோமோசோம்களைப் பற்றி 1945-இல் வெளியிட்ட நூல் உலகப் புகழ் பெற்றது. முதிர்ந்த வயதிலும் ஆராய்ச்சியை விடாமல், 1984-இல் சென்னையை அடுத்த மதுரவாயலில் அவர் மறைந்தார்.

மற்றொருவர் அன்னா மாணி. 1918-இல் பீர்மேட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்றவர். பெங்களூரில் சர் சி. வி. இராமனின் ஆய்வகத்தில் வைரத்தின் ஒளிர்வை ஆராய்ந்தார். ஒரு நிறமாலையை ஒளிப்படத் தகட்டில் பதிவுசெய்ய 15, 20 மணி நேரம்கூட ஆகுமாம்! இரவுகளை அவர் ஆய்வகத்திலேயே கழித்தார். முதுகலைப் பட்டம் இல்லை என்று காரணம் காட்டி அவருக்கு முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. அவர் சோர்ந்துவிடவில்லை. 1948-இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, மழையையும் காற்றையும் வெயிலையும் அளக்கும் கருவிகளை இந்நாட்டிலேயே செய்யவைத்தார். இன்று நாம் “மழை எத்தனை சென்டிமீட்டர்?” என்று கேட்கும் கேள்விக்குப் பின்னால் அந்தப் பெண்மணியின் உழைப்பும் இருக்கிறது.

இவ்விருவர் வாழ்வும் நமக்கு உணர்த்துவது என்ன? ஆய்வுக்கு நேரம் வேண்டும். அந்நேரத்தில் அச்சமின்றி இருப்பதற்கு இடம் வேண்டும். இரவெல்லாம் ஆய்வகத்தில் இருக்க அன்னா மாணிக்கு முடிந்தது. கவரைப்பேட்டை மாணவிக்கு மாலை ஆறு மணி வரைகூட முடியவில்லை என்றால், குறைபாடு அவளது ஆர்வத்திலா இருக்கிறது?

எதிர்வாதங்கள் சில

“மாணவர்களும்தானே மழையில் நனைகிறார்கள்?” என்று சிலர் கேட்கின்றனர். உண்மை. ஆனால் மாணவன் எட்டு மணிக்கு நனைந்து வந்தால் வீட்டில் துவாலை கொடுக்கிறார்கள். மாணவி எட்டு மணிக்கு நனைந்து வந்தால் மறுநாள் கல்லூரிக்குப் போகவேண்டுமா என்று ஆலோசிக்கிறார்கள்.

“பெண்கள் துணிவு கொள்ள வேண்டும்” என்பது மற்றொரு வாதம். துணிவு நல்லதுதான். ஆயினும் எவ்வளவு துணிவும் ஒரு தெருவிளக்குக்கு ஈடாகாது.

“அரசு எவ்வளவோ உதவிகள் செய்கிறதே” என்றும் சொல்லப்படுகிறது. நன்றியோடு ஒப்புக்கொள்கிறேன். 2021-இல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் தொடங்கியது. 2022 செப்டம்பர் 5 அன்று வடசென்னையின் பாரதி மகளிர் கல்லூரியில் ‘புதுமைப் பெண்’ திட்டம் தொடங்கப்பட்டு, அரசுப் பள்ளியில் பயின்று உயர்கல்விக்கு வந்த மாணவியர்க்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் ஏற்பாடு வந்தது. பணத்தட்டுப்பாட்டால் நின்றுபோன எத்தனையோ படிப்புகளை இவை தொடரச் செய்தன. ஆனால் என் தோழியின் தங்கைக்குத் தடையாக நின்றது பணமன்று, நேரம். பணத்துக்குத் திட்டம் தீட்டியது போல நேரத்துக்கும் ஒரு திட்டம் வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

செய்ய வேண்டுவன

முதலாவதாக, அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆய்வுக்கூட வகுப்புகளை இயன்றவரை முற்பகலுக்கு மாற்றிப் பாட வகுப்புகளைப் பிற்பகலில் வைக்கலாம். பாட வகுப்பின் கடைசி மணியை மழைநாளில் சற்று முன்னதாக முடிக்க இயலும். பாதியில் நிற்கும் ஆய்வை முடிக்க இயலாது. இரண்டு சுழற்சிகள் உள்ள கல்லூரிகளில் ஆய்வுக்கூடம் எப்போது காலியாக இருக்கிறது என்பதைத் துறைதோறும் கணக்கிட்டு, இரண்டாம் சுழற்சியினருக்கு அந்நேரத்தை ஒதுக்கலாம்.

இரண்டாவதாக, நீண்ட நேரம் பிடிக்கும் ஆய்வுகளை ஜூன் முதல் செப்டம்பருக்குள் முடித்துவிட வேண்டும். கணக்கீடுகள், குறிப்பேடு, வாய்மொழி வினாக்கள் ஆகியவற்றை மழைக்காலத்துக்கு வைத்துக்கொள்ளலாம். உழவர் மழையைப் பார்த்தே விதைக்கிறார். கல்லூரி மட்டும் மழையைப் பாராமல் அட்டவணை போடலாமா?

மூன்றாவதாக, மழை விடுமுறையால் இழந்த செய்முறை வகுப்புகளைத் தனியே பதிவேட்டில் குறித்து, அத்தனையையும் ஈடுசெய்த பின்னரே செய்முறைத் தேர்வு நடத்த வேண்டும். சனிக்கிழமை ஈடுவகுப்பு என்றால் பாட வகுப்புக்கு முன்னால் ஆய்வுக்கூடத்துக்கு இடம் கொடுக்க வேண்டும்.

நான்காவதாக, மழையையே பாடமாக்க வேண்டும். ஒவ்வொரு மகளிர் கல்லூரியின் திறந்தவெளியிலும் ஒரு மழைமானி வைக்க எவ்வளவு செலவாகிவிடும்? ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் கிடைக்கும். 1000 சதுர மீட்டர் கூரையில் 10 சென்டிமீட்டர் மழை என்றால் ஒரு இலட்சம் லிட்டர்! கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பை 2003-இலேயே கட்டாயமாக்கிய மாநிலம் நம்முடையது. இக்கணக்கைப் போடவேண்டியவர்கள் நாம்தாமே? மாசற்ற காற்றின் வழியே விழும் மழைத்துளிகூடக் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொள்வதால் சற்றே அமிலத்தன்மை பெறுகிறது. அதன் பி.எச். மதிப்பு ஏறக்குறைய 5.6. கந்தக, நைட்ரஜன் ஆக்சைடுகள் கலந்தால் இம்மதிப்பு மேலும் குறையும். கும்மிடிப்பூண்டி மாணவி தன் வீட்டு மொட்டைமாடியிலும், மீஞ்சூர் மாணவி தன் வீட்டு முற்றத்திலும், திருவள்ளூர் மாணவி தன் ஊரிலும் தூய கண்ணாடிப் புட்டியில் மழைநீரைப் பிடித்து வந்தால், ஒரே வாரத்தில் இம்மாவட்டத்தின் மழையைப் பற்றி ஓர் அட்டவணை உருவாகிவிடும். பழவேற்காட்டு ஏரியின் உப்புத்தன்மை மழைக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று அங்கிருந்து வரும் மாணவி அளக்கலாம். அவ்வேரிக்குப் பூநாரைகளும் பிற பறவைகளும் வந்துசேரும் நாளைக் குறித்துவைக்கலாம். விடுமுறை விட்டாலும் இந்த ஆய்வுக்கூடத்துக்குக் கதவடைப்பு இல்லை!

இவற்றுள் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. பெருந்தொகையும் தேவையில்லை. கல்லூரி முதல்வரும் துறைத்தலைவர்களும் ஜூன் மாதத்தில் ஒருநாள் அமர்ந்து, நாள்காட்டியையும் ரயில் நேர அட்டவணையையும் அருகருகே வைத்துப் பார்த்தால் போதும். நம் பேராசிரியப் பெருமக்கள் மாணவியர் நலத்தில் அக்கறை கொண்டவர்கள். அவர்களிலும் பலர் இதே ரயிலில் நனைந்து வருகின்றவர்களே!

மாணவத் தோழியரே! இவ்விதழ் உங்கள் வீட்டுக்கு வரும்போது மழை ஓய்ந்து வெயில் அடித்துக்கொண்டிருக்கக்கூடும். வெயில் வந்ததும் மழைக்காலத் துன்பத்தை மறந்துவிடுவது மனித இயல்பு. இம்முறை மறக்க வேண்டா. உங்கள் வகுப்பில் மழையால் எத்தனை செய்முறை வகுப்புகள் இழந்தோம், அவற்றுள் எத்தனை ஈடுசெய்யப்பட்டன என்று ஒரு தாளில் எழுதித் துறைத்தலைவரிடம் அளியுங்கள். அறிவியல் மாணவியின் முறையீடு அழுகையாக இருக்கக் கூடாது. அளவையாக இருக்க வேண்டும். அடுத்த கூதிர்காலம் தவறாமல் வரும். பிளஸ் டூ முடித்து, இயற்பியலோ வேதியியலோ படிக்கலாமா என்று தயங்கி நிற்கும் ஒரு தங்கையும் அப்போது நம் கல்லூரி வாயிலில் இருப்பாள். அவள் உள்ளே வர அஞ்சாதிருக்கும்படி நம் அட்டவணையை இன்றே திருத்துவோம்!